பேக்டு பெட் ரியாக்டருக்குள் திரவம் எப்படி ஓடுகிறது? மாடல் போடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேதிப் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும் மாணவர்களும், ஆலையில் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் ஆய்வகத்தில் இப்படிப்பட்ட குழாய்களை நிரப்பி, கழுவி, மறுபடி நிரப்பிக் கற்றவை இவை. சமன்பாடுகளை வார்த்தைகளிலேயே சொல்லியிருக்கிறேன். பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

பேக்டு பெட் என்றால் சரியாக என்ன?

ஒரு உருளைக் கலன். அதற்குள் சிறு உருண்டைகளோ, குட்டைக் குச்சிகளோ, வளையங்களோ கொட்டி நிரப்பியிருக்கும். அந்த நிரப்பைத்தான் படுகை என்கிறோம். திரவம் அதன் இடுக்குகள் வழியே ஓடும். நிரப்பியிருப்பது பெரும்பாலும் வினையூக்கி. சில இடங்களில் அயனிப் பரிமாற்றப் பிசின், சில இடங்களில் கரி.

வீட்டுக் காபி ஃபில்டரும் இதே குடும்பம்தான். தூளை மிக நைசாக அரைத்துவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது. தூளைச் சரியாகப் பரப்பாமல் விட்டால் வெந்நீர் ஒரு ஓரமாகவே இறங்கி டிகாக்‌ஷன் நீர்த்துப் போகும். முதலாவது தடை பற்றிய சிக்கல், இரண்டாவது சீர் பற்றிய சிக்கல். படுகையில் திரவ ஓட்டம் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

வினை எவ்வளவு வேகம் என்று தெரிந்தால் போதாதா? ஓட்டத்தை ஏன் தனியாக மாடல் போட வேண்டும்?

ஒரு கணக்கு சொல்கிறேன். டீசலில் இருந்து கந்தகத்தை நீக்கும் ஹைட்ரோட்ரீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் வாகனப் புகைக்கான பி.எஸ். 6 விதி. டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய பி.எஸ். 4 விதியில் 50 வரை இருக்கலாம். மணலி உட்பட நம் சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாம் இதற்காகத் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

உள்ளே வரும் எண்ணெயில் கந்தகம் 1 சதவீதம், அதாவது 10,000 பி.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டரில் ஒரே ஒரு லிட்டர் வினையூக்கியைத் தொடாமல் ஒரு ஓரமாக நழுவி வெளியே வந்துவிட்டால், அந்த ஒரு லிட்டர் கொண்டுவரும் கந்தகமே மொத்தத்தில் 10 பி.பி.எம். ஆகிவிடும். மீதி 999 லிட்டரையும் நீங்கள் துளிகூடக் கந்தகம் இல்லாமல் சுத்தம் செய்திருந்தாலும் அனுமதித்த அளவு முழுவதும் அங்கேயே தீர்ந்துவிட்டது. 90 சதவீத மாற்றம் போதும் என்கிற வினையில் ஓட்டக் கோளாறு தெரியவே தெரியாது. 99.9 சதவீதம் கேட்கும்போதுதான் அது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எந்தச் சமன்பாட்டில் தொடங்குவது?

டார்சியில் தொடங்குங்கள். ஹென்றி டார்சி பிரான்சின் திஜோன் நகரத்துக் குடிநீர் வேலையைக் கவனித்த பொறியாளர். மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டு அளந்து, 1856இல் தன் முடிவை வெளியிட்டார்: ஓட்டம் அழுத்த வித்தியாசத்துக்கு நேர் விகிதம், படுகையின் நீளத்துக்கு எதிர் விகிதம். மெதுவான ஓட்டத்துக்கு இது இன்றும் அப்படியே செல்லும்.

வேகம் கூடினால் திரவம் ஒவ்வொரு உருண்டையையும் சுற்றி வளைந்து திரும்புவதற்கே ஆற்றல் செலவாகிறது. அந்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். இந்த வர்க்க உறுப்பைச் சேர்த்தவர் ஃபோர்க்ஹைமர், 1901இல். அப்புறம் கோசெனி 1927இலும் கார்மன் 1937இலும் டார்சியின் மாறிலியை உருண்டையின் விட்டத்தோடும் இடைவெளியோடும் இணைத்தார்கள். இவை எல்லாவற்றையும் ஒரே வரியில் கொண்டுவந்தவர் சப்ரி எர்கன், 1952இல்.

எர்கன் சமன்பாட்டை எண்களோடு ஒருமுறை காட்ட முடியுமா?

கட்டாயம். ஒரு மீட்டர் படுகைக்கு அழுத்த இழப்பு இரண்டு உறுப்புகளின் கூட்டல்.

முதல் உறுப்பு பாகுத்தன்மையால் வருவது. 150, பாகுத்தன்மை, வேகம், (1 கழித்தல் வெற்றிட விகிதம்) என்பதன் வர்க்கம் ஆகியவற்றைப் பெருக்க வேண்டும். வருவதை வெற்றிட விகிதத்தின் கனத்தாலும் விட்டத்தின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும்.

இரண்டாவது நிலைமத்தால் வருவது. 1.75, அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், (1 கழித்தல் வெற்றிட விகிதம்) ஆகியவற்றைப் பெருக்கி, வெற்றிட விகிதத்தின் கனத்தாலும் விட்டத்தாலும் வகுக்க வேண்டும்.

இங்கே வேகம் என்பது காலிக் குழாயில் ஓடினால் இருக்கும் வேகம். இடுக்குக்குள் இருக்கும் உண்மையான வேகம் இதைவிட அதிகம். வெற்றிட விகிதம் என்பது படுகையின் மொத்தக் கன அளவில் உருண்டைகளுக்கு இடையே உள்ள காலி இடத்தின் பங்கு.

3 மிமீ கண்ணாடி உருண்டைகள், வெற்றிட விகிதம் 0.40, தண்ணீர் விநாடிக்கு 5 மிமீ வேகத்தில் என்று எடுத்துக்கொள்வோம். முதல் உறுப்பு மீட்டருக்கு 469 பாஸ்கல் வரும். இரண்டாவது 137. மொத்தம் சுமார் 605. அதாவது ஒரு மீட்டர் படுகைக்கு ஏறக்குறைய 6 செமீ தண்ணீர் உயரம்.

இப்போது வெற்றிட விகிதத்தை மட்டும் 0.40இலிருந்து 0.36 ஆக மாற்றுங்கள். குழாயை நாலு தட்டுத் தட்டினால் ஏற்படக்கூடிய மாற்றம் இது. அழுத்த இழப்பு 932 பாஸ்கல் ஆகிவிடும். வெற்றிட விகிதம் பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, இழப்பு பாதிக்கு மேல் கூடுகிறது.

இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்க்காமல் யாரும் மென்பொருளைத் திறக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். எந்த எண்ணை அளப்பதில் நேரம் செலவிட வேண்டும் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

150, 1.75 இரண்டும் எல்லாப் படுகைக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அவை சோதனை அளவீடுகளில் இருந்து பொருத்தி எடுத்த எண்கள். 1979இல் மெக்டொனால்டும் அவரோடு சேர்ந்தவர்களும் நிறைய அளவீடுகளைத் திரட்டிப் பார்த்து 150க்குப் பதில் 180ஐயும், 1.75க்குப் பதில் வழவழப்பான துகளுக்கு 1.8ஐயும் சொரசொரப்பானவற்றுக்கு 4 வரையும் பரிந்துரைத்தார்கள். மூவிதழ்க் குச்சி மாதிரியான வினையூக்கிகளுக்கு விலகல் இன்னும் கூடும். உங்கள் படுகையில் நாலைந்து வேகங்களில் அழுத்த இழப்பை அளந்து, அந்த இரண்டு மாறிலிகளையும் நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைதான்.

வெற்றிட விகிதத்தை எப்படி அளப்பது?

உருண்டைகளுக்கு நுண்துளை இல்லையென்றால் எளிது. நிரப்பிய குழாயில் கீழிருந்து மெதுவாகத் தண்ணீர் ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் பிடித்தது என்பதைக் குழாயின் கன அளவால் வகுத்தால் வேலை முடிந்தது.

அலுமினா போன்ற நுண்துளைத் துகள் என்றால் தண்ணீர் துகளுக்குள்ளும் போய்விடும். அப்போது இரண்டு எண்கள் வேண்டும்: துகள்களுக்கு இடையே உள்ள இடம், துகளுக்கு உள்ளே உள்ள இடம். எர்கனுக்குள் போக வேண்டியது முதலாவது மட்டும். இரண்டையும் கூட்டி 0.7 என்று போட்டுவிட்டு, அழுத்த இழப்பு இவ்வளவு குறைவாக வருகிறதே என்று மாதக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும். ஒரே அளவு உருண்டைகளைச் சும்மா கொட்டினால் 0.36 முதல் 0.42க்குள் வரும். அதற்கு வெளியே உங்கள் எண் விழுந்தால் முதலில் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள்.

குழாயின் சுவரோரம் ஓட்டம் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உருண்டை சுவரில் ஒரு புள்ளியில்தான் தொடும். அதனால் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் வெற்றிட விகிதம் ஏறக்குறைய 1. சுவரிலிருந்து அரை விட்டம் உள்ளே வந்தால் அது சட்டென்று இறங்குகிறது, அப்புறம் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் நாலைந்து விட்ட தூரம் வரை அடங்காது. பெனனாட்டியும் ப்ரோசிலோவும் 1962இல் இதை அழகாக அளந்து காட்டினார்கள். உருண்டைகளுக்கு இடையே பிசினை ஊற்றி உறையவைத்து, அந்தக் கட்டியை வெளியிலிருந்து சுற்றுச் சுற்றாகக் கடைந்து எடுத்து, ஒவ்வொரு நிலையிலும் எடை பார்த்தார்கள்.

குழாயின் விட்டம் உருண்டையின் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும், இருபது இருபத்தைந்து மடங்கு இருந்தால் நிம்மதி என்று சொல்வது இதனால்தான். ஆய்வகத்தில் 1 அங்குலக் குழாயில் 5 மிமீ உருண்டையைப் போட்டால் படுகை முழுவதுமே சுவரோரம்தான். அங்கே ஒரே சராசரி வெற்றிட விகிதத்தை வைத்து மாடல் போடுவதில் பொருள் இல்லை. மையத்திலிருந்து சுவர் வரை வெற்றிட விகிதம் எப்படி மாறுகிறது என்பதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

எல்லாத் திரவமும் ஒரே நேரத்தில் வெளியே வராது. அதை எப்படி மாடலில் கொண்டுவருவது?

பெரும்பாலான வேலைக்கு அச்சுச் சிதறல் மாடல் போதும். திரவம் ஒரு சராசரி வேகத்தில் முன்னே போகிறது, கூடவே ஒரு சிதறல் எண் அதை முன்னும் பின்னுமாகப் பரப்புகிறது. டாங்க்வெர்ட்ஸ் 1953இல் தங்கு நேரப் பரவல் (திரவத்தின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறது என்பது) என்ற கருத்தையே ஒழுங்காக வரையறுத்து எழுதிய பிறகு, இதை அளப்பதும் கணக்கிடுவதும் வழக்கமான வேலையாகிவிட்டது.

மேலே எடுத்த படுகையையே பார்ப்போம். நீளம் 1 மீட்டர். இடுக்குக்குள் வேகம் 5ஐ 0.4ஆல் வகுக்க, விநாடிக்கு 12.5 மிமீ. சராசரித் தங்கு நேரம் 80 விநாடி. துகள் விட்டத்தை வைத்துச் சொல்லும் பெக்லே எண் (ஓட்டம் கொண்டுபோவதற்கும் சிதறல் பரப்புவதற்கும் உள்ள விகிதம்), இந்த மாதிரித் திரவ ஓட்டத்தில் வாயுவுக்கு வரும் 2ஐ விட நன்றாகக் குறைவாகவே இருக்கும். கணக்குக்கு 0.5 என்று எடுப்போம். முழுப் படுகைக்குமான பெக்லே எண் சுமார் 167 ஆகும். பரவலின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 9 விநாடி. எனவே டிரேசராக, அதாவது ஓட்டத்தைத் தடம் பார்க்கும் பொருளாக, உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டால் பெரும்பகுதி 62க்கும் 98க்கும் இடைப்பட்ட விநாடிகளில் வெளியே வர வேண்டும். தொட்டிகளை வரிசையாக வைத்ததாகக் கருதும் மாடல் பிடிக்கும் என்றால், இதுவே சுமார் 83 தொட்டிகளுக்குச் சமம்.

இந்தக் கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைக்குப் போங்கள். உண்மையில் வரும் வளைவு (எந்த நேரத்தில் எவ்வளவு உப்பு வெளியே வருகிறது என்பது) இதைவிட மிகவும் அகலமாக இருந்தால், படுகை உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறது.

என் டிரேசர் வளைவில் இரண்டு மேடு வருகிறது. மாடலில் என்ன மாற்ற வேண்டும்?

மாடலை விடுங்கள், படுகையைப் பாருங்கள். எனக்கும் இது நடந்தது. முதுநிலை படித்தபோது ஒன்றரை மீட்டர் குழாயில் இதே சோதனை செய்தேன். எதிர்பார்த்த நேரத்துக்கு நன்றாக முன்னாடியே ஒரு சின்ன மேடு, அப்புறம் பெரிய மேடு. இரண்டு இணைப் பாதைகள் என்று வைத்து, பாதைக்கு ஒரு வேகமும் ஒரு சிதறல் எண்ணும் கொடுத்துப் பொருத்தினேன். வளைவு அச்சு அசலாகப் பொருந்தியது. வழிகாட்டியிடம் காட்ட ஓடினேன். அவர் வளைவைப் பார்க்கவே இல்லை. "குழாய் நேராக நிற்கிறதா, பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தோம். குழாய் லேசாகச் சாய்ந்திருந்தது. அதோடு ஒரு வாரம் ஓட்டியதில் உருண்டைகள் அமர்ந்து, மேல் சல்லடைக்கும் படுகைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விழுந்திருந்தது. திரவம் அந்த இடைவெளியில் ஒரு பக்கமாக வழிந்து, சுவரைப் பிடித்து இறங்கியிருக்கிறது. குழாயை நிமிர்த்தி, மறுபடி நிரப்பி, மேலே சல்லடையை இறுக்கியதும் சின்ன மேடு காணாமல் போனது. நாலு மாறிலி இருந்தால் தவறான படுகைக்கும் சரியான வளைவு பொருந்திவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒரே மேடுதான், ஆனால் வால் மிக நீளமாக இழுக்கிறது?

மூன்று காரணங்கள் இருக்கலாம். டிரேசர் துகளின் நுண்துளைக்குள் போய் மெதுவாகத் திரும்பி வருகிறது. அல்லது துகளின் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. கரிப் படுகையில் சாயத்தை டிரேசராகப் போட்டால் இதுதான் நடக்கும். அல்லது உண்மையிலேயே தேங்கி நிற்கும் மூலைகள் இருக்கின்றன. பிரித்தறிய ஒரு வழி உண்டு. வேகத்தை இரண்டு மூன்று மடங்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பரவலின் நேர அச்சைச் சராசரித் தங்கு நேரத்தால் வகுத்து வரையும்போது வால் கிட்டத்தட்ட அப்படியே இருந்தால் அது ஓட்டத்தின் வடிவத்தில் இருந்து வருவது. வேகத்தோடு மாறினால் நுண்துளைக்குள் பரவுவது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று: போட்ட டிரேசர் முழுவதும் திரும்பி வந்ததா என்று கூட்டிப் பாருங்கள். வராவிட்டால் வேறு எதையும் கணக்கிட வேண்டாம்.

டிரிக்கிள் பெட் என்கிறார்களே, அது எப்படி வேறு?

இதுவரை பேசியது இடுக்கு முழுவதையும் திரவமே நிரப்பியிருக்கும் படுகை. டிரிக்கிள் பெட்டில் வாயுவும் திரவமும் சேர்ந்து மேலிருந்து கீழே இறங்குகின்றன. திரவம் துகள்களின் மேல் மெல்லிய படலமாகவும் ஓடையாகவும் வழிகிறது. வாயு மீதி இடத்தில் போகிறது. கந்தகம் நீக்கும் ஹைட்ரோட்ரீட்டர் இந்த வகைதான். எண்ணெயும் ஹைட்ரஜனும் முப்பது பாருக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் 350 டிகிரி செல்சியஸ் அளவிலும், அலுமினா மேல் ஏற்றிய கோபால்ட்–மாலிப்டினம் அல்லது நிக்கல்–மாலிப்டினம் வினையூக்கி வழியே இறங்கும்.

இங்கே கேள்விகள் பெருகிவிடுகின்றன. இடுக்கில் எவ்வளவு பங்கு திரவம்? அதைத் திரவத் தேக்கம் என்கிறோம். ஓட்டத்தை நிறுத்தினாலும் வடியாமல் துகள் தொடும் இடங்களில் பரப்பு இழுவிசையால் தங்கிவிடுவது நிலைத் தேக்கம். படுகையின் கன அளவில் சில சதவீதம் இருக்கும். வடிந்துவிடுவது இயங்கு தேக்கம். வாயுவும் திரவமும் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன? எந்த ஓட்ட நிலையில் இருக்கிறோம்? வேகத்தைக் கூட்டினால் அமைதியான வழிதல் போய், திரவம் அலை அலையாக இறங்கும் துடிப்பு நிலை வந்துவிடும்.

மாடல்களில் மூன்று குடும்பங்கள் நிறையப் பயன்படுகின்றன. சாயஸும் கார்போனெலும் 1985இல் தந்த சார்பு ஊடுருவல் மாடல், டார்சியையும் எர்கனையும் இரண்டு பாய்மங்களுக்கு நீட்டியது. ஹோலப், டுடுகோவிச், ராமச்சந்திரன் மூவரும் 1992இல் படுகையின் இடுக்கை ஒரு சாய்ந்த பிளவாகவே நினைத்து, சுவரில் திரவப் படலம், நடுவில் வாயு என்று கணக்கிட்டார்கள். அட்டூவும் சகாக்களும் 1999இல் வாயு–திரவ இழுவையைத் தனியாகச் சேர்த்தார்கள். முதலில் ஒற்றைத் திரவத்தில் உங்கள் எர்கன் மாறிலிகளை அளந்து வைத்திருந்தால்தான் இந்த மூன்றில் எதுவும் நம்பும்படியான விடை தரும்.

அதே வேகம், அதே படுகை. நேற்று ஒரு அழுத்த இழப்பு, இன்று வேறு. கருவி கெட்டுவிட்டதா?

டிரிக்கிள் பெட் என்றால் கருவி சரியாகவே இருக்கலாம். காய்ந்த படுகையில் திரவத்தை விட்டால் அது சில தடங்களைப் பிடித்துக்கொண்டு அவற்றிலேயே ஓடும். ஒருமுறை முழுக்க நனைத்து வடியவிட்ட படுகையில் படலமாகப் பரவும். இரண்டுக்கும் அழுத்த இழப்பு வேறு, வினையின் அளவும் வேறு. கானும் கிரீன்ஃபீல்டும் 1978இலேயே ஒரே ஓட்ட அளவுகளில் பல நிலைகள் சாத்தியம் என்று காட்டினார்கள். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தொடங்குங்கள்: படுகையைத் திரவத்தில் மூழ்கடித்து, வடியவிட்டு, அப்புறம் உங்கள் வேகத்துக்கு வாருங்கள்.

துகள் முழுவதும் நனையாவிட்டால் என்ன ஆகும்?

திரவத்தில் இருக்கும் பொருள்தான் வினையை மட்டுப்படுத்துகிறது என்றால், நனையாத பரப்பு வீண். ஆனால் வெப்பம் உமிழும் வினையில் இது வீண் என்பதோடு நிற்காது. நனையாத துகளில் எண்ணெய் ஆவியாக வந்து வினை புரியும், வெப்பத்தை எடுத்துச் செல்லத் திரவம் இருக்காது. அந்த இடம் சூடேறும், சூடேறியதால் வினை இன்னும் வேகமாகும், இன்னும் சூடேறும். சூட்டுப் புள்ளிகள் இப்படித்தான் பிறக்கின்றன. வினையூக்கி கரி படிந்து கட்டியாக இறுகும், மோசமான நிலையில் கலனின் சுவரே பலவீனமாகும். ஓட்டச் சீரின்மையை நான் உயிர்ப் பாதுகாப்பு விஷயமாகப் பார்ப்பது இதனால்தான். தங்கு நேரம் மட்டும் கணக்கிட்டுவிட்டு வெப்பச் சமநிலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஆய்வகத்தில் நன்றாக வந்தது, பெரிய கலனில் வரவில்லை. அல்லது தலைகீழ். ஏன்?

இரண்டிலும் ஒரு மணி நேரத்துக்கு, வினையூக்கியின் கன அளவைப் போல் 1.5 மடங்கு திரவம் விடுகிறோம் என்று வையுங்கள். ஆலையில் படுகை 10 மீட்டர். அப்படியானால் திரவ வேகம் மணிக்கு 15 மீட்டர், விநாடிக்கு 4 மிமீக்குச் சற்று மேல். ஆய்வகத்தில் படுகை 30 செமீ. வேகம் விநாடிக்கு வெறும் 0.125 மிமீ. தங்கு நேரத்தைச் சமமாக்கப் போய், வேகத்தை முப்பதில் ஒரு பங்குக்குக் கீழே தள்ளிவிட்டோம். அந்த வேகத்தில் துகள்கள் சரியாக நனையாது, சிதறலும் அதிகம். ஆய்வக விடை வினையூக்கியைப் பற்றிச் சொல்வதைவிட அரைகுறையாக நனைந்த படுகையைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

இதற்கு நல்ல தீர்வு உண்டு. வினையூக்கித் துகள்களுக்கு இடையே மிக நுண்ணிய சிலிக்கன் கார்பைடு தூளை, 0.1, 0.2 மிமீ அளவில், நிரப்புங்கள். அது வினை புரியாது. ஆனால் இடுக்குகளைச் சிறிதாக்கித் திரவத்தைப் பரப்பி, எல்லாத் துகளையும் நனைத்துவிடும். ஓட்டத்தைத் தூளும் வினையை வினையூக்கியும் பார்த்துக்கொள்ளும்.

பெரிய கலனில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கும்: திரவம் மேலே எப்படி நுழைகிறது என்பதில்.

டிஸ்ட்ரிபியூட்டர் தட்டு அவ்வளவு முக்கியமா?

ஆம். காபி ஃபில்டரில் தூளின் மேல் வைத்து அழுத்தும் காம்புள்ள துளைத் தட்டை நினைத்துப் பாருங்கள். வெந்நீர் ஒரே இடத்தில் விழுந்து தூளில் குழி பறிக்காமல், துளைகள் வழியே எல்லா இடத்திலும் இறங்குவது அதனால்தான். பெரிய கலனிலும் அதே வேலையைத்தான் புகைபோக்கித் தட்டும் குமிழ்மூடித் தட்டும் செய்கின்றன.

படுகை தானாகத் திரவத்தைப் பரப்பிவிடும் என்று நம்புவது தவறு. பக்கவாட்டுப் பரவல் மிக மெதுவானது. ஒரு மீட்டர் இறங்கும்போது திரவம் பக்கவாட்டில் பரவும் தூரத்தைச் சென்டிமீட்டர்களில்தான் எண்ண வேண்டும். மூன்று மீட்டர் விட்டமுள்ள கலனின் ஒரு பாதிக்குத் திரவம் போகாவிட்டால், அடிவரை அந்தப் பாதி காய்ந்தே இருக்கும். மாடலில் மேல் எல்லையில் சீரான வேகம் என்று கொடுத்துவிட்டால், ஆலையின் மிகப் பெரிய பிரச்சினையை முதல் வரியிலேயே அழித்துவிட்டீர்கள் என்று பொருள். தட்டு அரை டிகிரி சாய்ந்தால் எந்தத் துளையில் எவ்வளவு போகும் என்று தனியாகக் கணக்கிட்டு, அதை எல்லை நிபந்தனையாகக் கொடுங்கள்.

ஒவ்வொரு உருண்டையையும் வரைந்து சி.எஃப்.டி. (கணினியில் ஓட்டத்தைக் கணக்கிடும் முறை) செய்தால் எல்லாம் தெரிந்துவிடுமே?

சிறு படுகைக்குச் செய்யலாம், செய்யவும் வேண்டும். கேம்பிரிட்ஜில் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பில் படுகைக்குள் ஓடும் தண்ணீரை நேரடியாகப் பார்த்தபோது, கொஞ்சம் இடுக்குகளே ஓட்டத்தின் பெரும் பங்கைச் சுமப்பது தெரிந்தது. இந்த மாதிரி நுணுக்கத்தைச் சராசரி மாடல் ஒருபோதும் காட்டாது.

ஆனால் அளவைப் பாருங்கள். 3 மிமீ உருண்டைகளைக் கொட்டினால் ஒரு கன மீட்டரில் சுமார் 4.2 கோடி இருக்கும். ஒன்றுக்குச் சில நூறு கட்டங்கள் என்றாலும் எந்தக் கணினியும் திணறும். எனவே சில நூறு அல்லது சில ஆயிரம் உருண்டைகளை உருட்டிவிட்டு நிரப்பிய ஒரு துண்டில் நுணுக்கமாகக் கணக்கிட்டு, அதிலிருந்து தடை மாறிலிகளையும் சிதறல் எண்ணையும் எடுத்து, முழுக் கலனுக்கு நுண்துளை ஊடக மாடலில் (உருண்டைகளைத் தனித்தனியே வரையாமல் படுகையைச் சராசரியாகக் கருதும் மாடல்) போடுவதே நடைமுறை. ஓப்பன்ஃபோம் என்ற சி.எஃப்.டி. மென்பொருள் இலவசம், இதற்குப் போதும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். உருண்டைகள் தொடும் புள்ளியில் கட்டங்கள் கோணலாகிக் கணக்கு சிதறும். உருண்டைகளை ஒரு சதவீதம் சுருக்கினால் கணக்கு ஓடும், ஆனால் வெற்றிட விகிதம் மாறிவிடும். அது விடையை எவ்வளவு அசைக்கும் என்பதை 605, 932 கணக்கில் பார்த்தோம். தொடும் இடத்தில் சிறு பாலம் போட்டு இணைப்பது மேல். அடுத்தது, நுண்துளை ஊடக மாடலில் மென்பொருள் கேட்பது காலிக் குழாய் வேகமா, இடுக்கு வேகமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் வெற்றிட விகிதம் 0.4 உள்ள படுகையில் வேகம் இரண்டரை மடங்கு தவறும்.

கீழிருந்து மேலாக ஓட்டினால் எல்லாம் நனைந்துவிடாதா?

நனையும். ஆய்வகத்தில் பலர் அப்படியே செய்கிறார்கள். எல்லை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அழுத்த இழப்பு, தண்ணீரில் மூழ்கிய உருண்டைகளின் எடையைத் தொட்டால் படுகை மிதக்கத் தொடங்கும். நம் 3 மிமீ கண்ணாடி உருண்டைக்கு அந்த எடை மீட்டருக்கு 8,800 பாஸ்கல் அளவு. எர்கனில் போட்டால் வேகம் விநாடிக்கு 3 செமீக்குச் சற்று மேல் வருகிறது. அலுமினா இன்னும் இலேசானது, அதற்கு முன்பே எழும்பிவிடும்.

எந்த மொழியில் நிரல் எழுதலாம்?

பைத்தான் போதும்.

மூன்று முறை நிரப்பினேன், மூன்று வெவ்வேறு விடை. எதை எழுதுவது?

மூன்றையும் எழுதுங்கள். கொட்டி நிரப்பிய படுகை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு படுகைதான். ஐந்து முறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் வெற்றிட விகிதம், அழுத்த இழப்பு, டிரேசர் வளைவு மூன்றையும் குறித்து வைத்தால் உங்கள் மாடல் எந்த வரம்புக்குள் விழ வேண்டும் என்பது தெரிந்துவிடும். எப்படி நிரப்பினீர்கள் என்பதையும் எழுதுங்கள்: எவ்வளவு உயரத்தில் இருந்து, எவ்வளவு வேகமாக, எத்தனை தட்டு. ஆலையிலும் துணிக் குழாய் வழியே கொட்டுவதற்கும், சுழலும் கருவியால் மழைபோலத் தூவி நெருக்கமாக நிரப்புவதற்கும் படுகையின் அடர்த்தி நன்றாகவே மாறும். அடுத்த தடவை வினையூக்கியை மாற்றும்போது நிரப்புபவர்களோடு போய் நின்று பாருங்கள். மேற்பரப்பு மேடு பள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு மீட்டருக்கும் அளக்கச் சொல்லி, அந்த அளவைக் கேட்டு வாங்கி உங்கள் மாடலில் போடுங்கள்.